மாலத்தீவு: செல்வர் தீவும் மக்கள் தீவும்

மாலத்தீவு என்றவுடன் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றே. நீலக்கடல், அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் மரக்குடில்கள், ஆசிரியர் ஒருவரின் திங்கள் ஊதியத்தை ஓரிரவில் விழுங்கிவிடும் விடுதிக் கட்டணம். சில ஆண்டுகளுக்கு முன், வரலாற்றுப் பாடவேளையில் இந்துமாக்கடலின் படத்தை விரித்து வைத்திருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அங்கே ஏழைகள் யாருமே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாத ஆசிரியனுக்குச் சிரிக்கும் உரிமை ஏது?

அவ்வினாவுக்கு விடை தேடினால் வரலாறு நெடுந்தூரம் அழைத்துச் செல்கிறது. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்ட இந்நாடு நமக்குப் புதியதன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அம்மக்களின் திவேகி மொழி சிங்களத்தோடு உறவுடையது. எனினும், அவர்கள் தம் படகைத் 'தோனி' என்று அழைப்பதைக் கேட்கும் தமிழர் செவிக்கு அஃது அயற்சொல்லாகப் படுவதில்லை. நம் சமையலறைகளில் மணக்கும் மாசிக் கருவாடு அவர்கள் கடலிலிருந்து வந்த பண்டமே.

முற்காலத்தில் இத்தீவுகளின் செல்வம் சோழி. இங்கே பொறுக்கிய சோழிகள் வங்காளத்திலும், அதற்கும் அப்பால் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நாணயமாக வழங்கின. 1343ஆம் ஆண்டு இங்கு வந்த இபின் பதூதா, நான்கு இலட்சம் சோழிகளுக்கு ஒரு பொற்காசு கிடைத்ததாக எழுதி வைத்தார். அவர் இங்கே நீதிபதியாகப் பணியாற்றினார். இங்கேயே மணமும் செய்துகொண்டார். 1602இல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பிரான்சு நாட்டவர் பிரான்சுவா பிரார், ஏறக்குறைய ஐந்தாண்டுகள் வெளியேற இயலாமல் இங்கே வாழ்ந்து, மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டார். பவள வளையத் தீவுகளைக் குறிக்கும் 'அட்டோல்' என்னும் சொல்லை ஐரோப்பியர் அறியச் செய்தது அவருடைய நூலே. இவ்விருவரும் மக்களோடு வாழ்ந்தவர்கள். அதனாலன்றோ அவர்கள் எழுதியவை இன்றும் வரலாற்றுச் சான்றாக நிற்கின்றன!

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 1965இல் விடுதலை பெற்ற இந்நாடு, மீன்பிடித் தொழிலையே நம்பியிருந்த வறிய நாடு. 1960களில் வந்த ஐக்கிய நாடுகள் குழுவொன்று, சுற்றுலாவுக்கு இது ஏற்ற இடமன்று என்று கூறிச் சென்றது. ஆயினும் 1972 பிப்ரவரியில் ஜார்ஜ் கார்பின் என்னும் இத்தாலியப் பயண முகவர் சிறு குழுவொன்றை அழைத்து வந்தார். விடுதி ஒன்றும் இல்லாத காரணத்தால் அவர்கள் தலைநகர் மாலேயின் வீடுகளில் தங்கினர். அதே ஆண்டு அக்டோபரில் குரும்பா என்னும் முதல் விடுதி, பவளக்கல்லும் தென்னங்கீற்றும் கொண்ட 30 அறைகளோடு திறக்கப்பட்டது.

ஆக, முதல் சுற்றுலாப் பயணிகள் மக்கள் வீட்டு விருந்தினராகவே இருந்தனர். அந்நிலை நீடிக்கவில்லை. மக்கள் வாழாத தீவுகளைத் தேர்ந்து, தீவுக்கு ஒரு விடுதி என்று அமைக்கும் முறை வேரூன்றியது. 1980களில் மக்கள் வாழும் தீவுகளில் பயணியர் தங்கும் வழி அடைக்கப்பட்டது. மது, உடை முதலியவற்றால் இசுலாமிய வாழ்க்கைமுறைக்கு ஊறு நேராமல் காப்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விளைவு என்ன? பயணி நாட்டைக் காணவில்லை. நாட்டு மக்களுள் விடுதிப் பணியாளரைத் தவிரப் பிறர் பயணியைக் காணவில்லை. வருவாயின் பெரும்பகுதி விடுதித் தீவுகளோடு நின்றது. மாலத்தீவு செல்வர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் இவ்வாறுதான் பிறந்தது. அதை ஆக்கியது இயற்கையன்று. ஆட்சியாளர் வகுத்த விதியே.

2009இல் அவ்விதி தளர்ந்தது. மக்கள் தீவுகளில் சிறு தங்குமனைகள் நடத்த இசைவு கிடைத்தது. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி இதில் முன்னோடியாயிற்று.

2019ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் அங்குச் சென்றோம். விமானச் சீட்டைப் பல மாதங்களுக்கு முன்னரே வாங்கியிருந்தோம். விரைவுப் படகைத் தவிர்த்து, ஊர்மக்கள் செல்லும் பொதுப் படகில் ஏறினோம். ஒன்றரை மணி நேரப் பயணம். அரிசி மூட்டை, மின்விசிறிப் பெட்டி, உறங்கும் குழந்தைகள், அவற்றிடையே நாங்கள். அப்போது வெள்ளிக்கிழமை அப்படகு ஓடவில்லை என்பதை அறியாமல் பயண நாளை வகுத்தவர் இடர்ப்பட்டனர். மக்கள் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கெனத் தனிக் கடற்கரை உண்டு. மற்ற இடங்களில் அடக்கமாக உடுத்துவதே முறை. காலையுணவு சூரைமீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியும். என் துணைவியார் முதல் வாயிலேயே, "இது நம் வீட்டுச் சம்பல் அல்லவா!" என்றார்.

தங்குமனை உரிமையாளர் முன்பு விடுதித் தீவொன்றில் பணியாளராக இருந்தவர். "அப்போது என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை, மாஸ்டர். இப்போது பார்க்கிறேன்" என்றார். ஒரு விதியின் மாற்றம் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

குறை இல்லையென்று சொல்ல மாட்டேன். குறுகிய தெருக்களில் தங்குமனைகள் நெருக்கியடித்து எழுகின்றன. குடிநீரும் குப்பையும் பெருஞ்சுமை. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. கடல் உயர்ந்தால் செல்வர் வேறு தீவு தேடுவர். மாஃபுஷி மக்கள் எங்குச் செல்வர்? சிக்கனமாகச் செல்லும் பயணிக்கும் இவ்வினாவில் பொறுப்பு உண்டு.

ஊர் திரும்பியபின், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட அம்மாணவியைக் கோயில் திருவிழாவில் கண்டேன். "நீ கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதம்மா. அங்கே நம்மைப் போன்றவர்கள்தாம் வாழ்கிறார்கள். நாம் பார்த்த படங்களில்தான் அவர்கள் இல்லை" என்றேன். ஆசிரியர்களே, படத்தில் இல்லாதவர்களைப் பற்றிக் கேட்கும் மாணவரைக் கண்டு வகுப்பு சிரிக்கலாம். நாம் சிரித்தலாகாது. வரலாறு அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.