எம்எஸ்10-015 பாதுகாப்புத் திருத்தம்

எம்எஸ்10-015 என்பது விண்டோஸ் இயங்குதளத்துக்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010 பெப்ரவரி 9 அன்று வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் (பேட்ச்) ஆகும். எல்லாக் கணினிகளிலும் நிறுவும் முன் திருத்தங்களைச் சோதிப்பது ஏன் தேவை என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 முதலே, பழைய டாஸ் நிரல்களை இயக்கும் பகுதியில் ஒரு குறை இருந்து வந்தது. சாதாரணப் பயனராக நுழைந்தவர் அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. கூகுள் பொறியாளர் டாவிஸ் ஓர்மண்டி 2010 சனவரியில் இதை வெளிப்படுத்தினார். இரகசியம் வெளியாகிவிட்டதால் திருத்தம் அவசரத் தேவையாயிற்று.

சிக்கல்

திருத்தத்தை நிறுவிய சில விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன, மறுபடி தொடங்கவில்லை. மைக்ரோசாப்ட் தானியங்கி விநியோகத்தை நிறுத்தி ஆராய்ந்தது. அக்கணினிகளில் அலூரியன் என்னும் தீநிரல் முன்பே ஒளிந்திருந்தது. கெர்னலின் சில கூறுகள் நினைவகத்தில் குறிப்பிட்ட முகவரிகளில் இருக்கும் என்ற கணக்கில் அது எழுதப்பட்டிருந்தது. திருத்தம் அம்முகவரிகளை மாற்றியதும் கணினி நிலைகுலைந்தது.

தீர்வும் படிப்பினையும்

மார்ச் 2 முதல், கணினியில் இயல்புக்கு மாறான நிலை உள்ளதா என முதலில் சரிபார்த்து, இருந்தால் நிறுவாமல் விலகும் வகையில் திருத்தம் மீண்டும் வழங்கப்பட்டது.

இங்கே திருத்தத்தில் பிழை இல்லை. ஆயினும் தூய்மையான சோதனைக் கணினியில் மட்டும் பார்த்திருந்தால் இச்சிக்கல் தெரிந்திராது. எனவே, அன்றாடப் பயன்பாட்டிலுள்ள பலவகைக் கணினிகளில் சிலவற்றைத் தேர்ந்து, தரவுகளைப் படியெடுத்து வைத்து, திருத்தத்தை நிறுவி, மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும். பிறகே மற்றவற்றுக்கு வழங்க வேண்டும். சோதனை நீளும் ஒவ்வொரு நாளும் குறை திறந்தே இருக்கும் என்பதால், அதை விரைந்து முடிப்பதும் அவசியம்.