இரண்டாவது கேள்வியின் கதை

2020 செப்டம்பர் 14. கொரோனாவுக்கு நடுவுல மக்களவை கூடுது. ஊரடங்கு நேரத்துல சொந்த ஊருக்குக் கிளம்பின புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தாங்க, குடும்பத்துக்கு இழப்பீடு உண்டான்னு கேள்வி. தொழிலாளர் துறை எழுத்துல பதில் கொடுத்துச்சு: அப்படி ஒரு கணக்கு வெச்சுக்கலை, அதனால இழப்பீடுங்கிற கேள்வியே எழலை.

"ஏன் கணக்கு வெச்சுக்கலை?"ன்னு எந்த எம்.பி.யும் அங்கேயே எழுந்து அமைச்சரைக் கேட்க முடியலை. அந்தக் கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க. எழுத்துல கேட்கலாம், எழுத்துல பதில் வரும். அவ்வளவுதான்.

அந்த "ஏன்?"க்கு அவையில ஒரு பேர் உண்டு: துணைக் கேள்வி. அது நம்ம கைக்கு வந்த கதைதான் இன்னைக்கு.

1892-ல பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டு, சட்டசபை உறுப்பினர்கள் கேள்வி கேட்க முதல்முறையா அனுமதிச்சது. ஆனா வந்த பதிலைப் பத்தி விவாதிக்கக் கூடாது. 1909 சீர்திருத்தத்துல, கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம்னு ஆச்சு. 1919 சட்டத்துக்கு அப்புறம்தான் எந்த உறுப்பினரும் கேட்கலாம்னு வந்துச்சு.

இதுல அப்படி என்ன இருக்கு? முதல் கேள்விக்கு 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். பதிலை அதிகாரிகள் பக்குவமா எழுதிக் கொடுத்துடுவாங்க. துணைக் கேள்விக்கு நோட்டீஸ் கிடையாது. அமைச்சருக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு அந்த நிமிஷமே வெளிச்சமாயிடும்.

1957-ஐ எடுத்துக்கங்க. எல்.ஐ.சி. அரசு கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. பாலிசி கட்டினவங்க பணத்துல சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு, ஹரிதாஸ் முந்த்ராவோட 6 கம்பெனிப் பங்குகளை வாங்கியிருந்தாங்க. மக்களவையில கேள்வி வந்தப்போ அரசு பிடிகொடுக்காம பதில் சொல்லுச்சு. எம்.பி.க்கள் விடலை. டிசம்பர் 16-ல ஃபெரோஸ் காந்தி விவரங்களை அடுக்கிப் பேசினார். அவர் ஆளும் காங்கிரஸ் எம்.பி.; பிரதமர் நேருவோட மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னாடியே விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், பதவி விலகினார்.

இன்னைக்கு மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் பட்டியல்ல இருக்கும். இதுக்குத்தான் வாய்மொழி பதிலும் துணைக் கேள்வியும். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரைக்கும் போகும். அதுக்கெல்லாம் எழுத்துல மட்டும்தான் பதில்.

எழுத்துல வர்ற பதில் வீண்னு நான் சொல்ல வரலை. அதே 2020 செப்டம்பர் 18. மாநிலங்களவையில கேட்ட கேள்விக்கு ரயில்வே துறை எழுத்துல சொன்னது: ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள்ல 97 பேர் இறந்திருக்காங்க. ஒரு துறை கணக்கே இல்லைங்குது. நாலே நாள்ல இன்னொரு துறை, அந்த இறப்புகள்ல ஒரு பகுதிக்காவது கணக்கு கொடுக்குது. இதுல எது நிஜம்னு அமைச்சரை நிக்க வெச்சுக் கேட்க ஒரு துணைக் கேள்வி போதும். அந்த வாரம் அதுதான் இல்லை.

உங்க எம்.பி. என்ன கேட்டார், என்ன பதில் வந்துச்சுன்னு நாடாளுமன்ற இணையதளத்துல இருக்கு. ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.