சேலத்து வழக்கறிஞரும் காசநோய்த் தடுப்பூசியும்

சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் பெரியம்மையை நோயென்று கூறாமல், ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்று கூறுவதே மரபு. வேப்பிலை செருகிய வீட்டில் தாயே வந்து தங்கியிருக்கிறாள் என்று நம்பிய பெற்றோர், அம்மை குத்த வந்தவரைக் கண்டு கதவடைத்ததில் வியப்பில்லை. தாயின் சினத்துக்கு அஞ்சினர்; சர்க்காரின் கட்டாயத்தை வெறுத்தனர். எனினும் 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா மட்டும் இன்றும் குறைவின்றி நடைபெறுகிறது. பக்தியைக் கைவிடாமலே மக்கள் ஊசியை ஏற்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மறுப்பு என்பது கல்லாதார்க்கே உரியது என்று கருதுவாரும் உளர். அக்கருத்துக்கு இம்மண்ணின் வரலாறே மறுமொழி கூறும். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக விளங்கியவரும், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவருமான இராஜாஜி, 1955இல் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். காசநோயைத் தடுக்கும் அவ்வூசி மருந்தை ஆக்குவதற்கென 1948இலேயே கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைந்திருந்தது. மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ரித் கௌர் அவ்வியக்கத்தில் உறுதியாக நின்றார். நலமாயுள்ள குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது தகுமா, மேனாட்டு மருத்துவரே ஒருமனப்படாத ஒன்றை நாடு முழுவதற்கும் இடலாமா என்பன இராஜாஜி எழுப்பிய வினாக்கள். தயங்கி நின்ற பெற்றோர்க்கு அப்பெரியவரின் சொல் ஊன்றுகோலாயிற்று.

காலம் அளித்த விடை இரு தரப்பாரையும் திருத்தியது. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு, வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. ஆயினும் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று அது காக்கிறது; ஆதலின் பிறந்தவுடன் இன்றும் இடப்படுகிறது. பயனைப் பற்றிய ஐயத்தில் இராஜாஜி ஓரளவு சரி. ஊசியே கேடு என்னும் அச்சத்தில் தவறினார்.

ஐயத்தினும் வலியன வேறும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர்தோறும் இடப்பட்ட ஊசி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. 2005-06இல் 80.9 விழுக்காடாக இருந்த தமிழகத்தின் முழுத் தடுப்பூசி அளவு, 2015-16இல் 69.7 ஆயிற்று. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூலிக்குச் சுகாதார நிலையம் செல்வதென்றால் ஒருநாட் கூலி போயிற்று. அத்தாய் நாள் கடத்துவதை மறுப்பு என்று கூறல் பொருந்தாது. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின்போது கைப்பேசி வழியே பரவிய வதந்தி வேறுவகை. 2019-21இல் அவ்வளவு 89.2 விழுக்காடாக உயர்ந்தது.

தெய்வத்துக்கு அஞ்சியவரும், நூலெழுதி வாதிட்டவரும், கூலியை எண்ணித் தாழ்த்தவரும் ஒரே பெயரால் சுட்டத்தக்கவர் அல்லர். அஞ்சுவோர்க்குப் பரிவும், வினவுவோர்க்கு ஆய்வும், வர இயலாதார்க்கு வாசலுக்கே வரும் செவிலியும் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.