ஆசாரிய தர்மம்

விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில், களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்து, பொம்மையின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, பக்குவம் அறிந்தே சூளைக்கு அனுப்பும் கைகளைக் காணும்போதெல்லாம், உயர்கல்வி மாணாக்கருக்கு வழிகாட்டும் ஆசாரிய தர்மம் என் சிந்தையில் எழுகிறது.

ஆராய்ச்சி நெறியாளர் என்னும் பதவி நம் பல்கலைக்கழகங்களில் நிலைபெறுவதற்கு வெகுகாலம் முன்பே அத்தர்மம் இங்கு வாழ்ந்தது. விருத்தாசலத்தின் பெயரையே தாங்கிய செங்கணம் விருத்தாசல ரெட்டியார், தம்மிடம் யாப்பருங்கலக்காரிகை என்னும் யாப்பிலக்கண நூலைக் கற்ற உ. வே. சாமிநாதையரைத் தம்மோடே நிறுத்திக்கொள்ளாமல், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று பயிலுமாறு உபதேசித்தார். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்த அவருக்கு, 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார், ஓய்வுபெறுகையில் தம் ஸ்தானத்தையே பெற்றுத் தந்தார். 1887-இல் சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சேறியது.

மாணாக்கனைத் தம்மினும் பெரியாரிடம் மனமுவந்து அனுப்புவதே நெறியாளரின் முதல் இலக்கணம்.