மதில் தாண்டிய கூடியாட்டம்

கேரளத்துக் கூடியாட்டத்தை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ 2001இல் அறிவித்தது. அதைக் காப்பாற்றிய பெருமை அந்த அறிவிப்புக்கு உரியதன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மரபின் கட்டுப்பாட்டை மீறத் துணிந்த சில கலைஞர்களுக்கு உரியது. வடமொழி நாடகங்களை நடிக்கும் இந்தக் கூத்து, கோயிலுக்குள் இருக்கும் கூத்தம்பலத்தில் மட்டும், பரம்பரைக் குடும்பங்களால் மட்டும் நிகழ்த்தப்பட்டது. சாக்கியார் ஆண் வேடம் கட்டுவார், நம்பியார் மிழாவு என்னும் முழவைக் கொட்டுவார், நங்கியார் பெண் வேடம் ஏற்பதோடு தாளமும் போடுவார். மந்திராங்கம் என்னும் ஓர் அங்கம் மட்டுமே 41 நாள் நீளும். செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடியதைச் சிலப்பதிகாரம் சொல்வதால், சாக்கையர் என்ற பெயர் நமக்கும் பழையதுதான். கூடியாட்டக் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை கோயில் நிலங்கள். மன்னர்களின் ஆதரவு குறைந்து, பின்னர் நிலச்சீர்திருத்தமும் வந்தபோது பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். வடமொழி அறிஞர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் என்னும் நாடக அமைப்பு அழைக்க, மாணி மாதவ சாக்கியார் 1962இல் சென்னையில் கூடியாட்டம் ஆடினார். கேரளத்துக்கு வெளியே அதுவே முதல் முறை. 1965இல் கேரள கலாமண்டலம் இதற்கெனத் தனித்துறை தொடங்கி, பைங்குளத்தாரை ஆசிரியராக்கியது. பிற சாதிப் பிள்ளைகளும் அங்கே கற்றார்கள். கூத்து தெய்வத்துக்குச் செலுத்தும் வழிபாடு, மேடைக்கு வந்தால் அது வெறும் நாடகம் என்று வைதிகர்கள் எதிர்த்தார்கள். இழப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. பல இரவு நீண்டது இன்று பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஆடுவதற்கு ஆளே இல்லாதபோது வழிபாடு எங்கிருந்து நடக்கும்? ஓலைச்சுவடியில் ஆட்டப்பிரகாரம் என்னும் நடிப்புக் கையேடு இருக்கிறது, இப்போது ஒளிப்பதிவும் இருக்கிறது, அவை போதாவா என்று கேட்பவர்களும் உண்டு. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆட்டப்பிரகாரம் சொல்லும். ஆனால் மலையை அடிவாரத்திலிருந்து உச்சிவரை கண்ணாலேயே ஏறிக் காட்டும் வித்தை, சிறுவயதிலிருந்து ஆசான் முன் பல ஆண்டு அமர்ந்தால்தான் கைவரும். ஆகவே மரபைக் காக்க ஒதுக்கும் பணம் விழாக்களுக்கும் ஆவணங்களுக்கும் முன்பாக மாணவரின் உதவித்தொகைக்கும் ஆசிரியரின் சம்பளத்துக்கும் போக வேண்டும். பல கோயில்களின் கூத்தம்பலங்களில் இன்றும் பரம்பரைக் குடும்பத்தாருக்கே ஆட உரிமை உண்டு. முறையாகக் கற்றுத் தேர்ந்த பிறருக்கும் அந்த உரிமையைக் கோயில்களை நிர்வகிக்கும் தேவஸ்வங்கள் வழங்க வேண்டும்.