தாழ்வாக ஓடும் கார்களின் சரித்திரம்

மோட்டார் காரைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி ஓட்ட வேண்டுமென்ற ஆசை, மோட்டார் பந்தயத்தோடு கூடவே பிறந்து வளர்ந்தது என்றாலும், அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள மனிதர்கள் கையாண்ட உபாயங்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்காமற் போகாது: காரைத் தாழ்த்துவது எக்காலத்திலும் எளிதாகவே இருந்தது, தாழ்த்திய பின் அதன் சக்கரங்களைச் சாலையை விட்டு எழாமல் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில்லை மாட்டி, அந்த வில் உட்காரும் தட்டை மரை வெட்டிய குழாயின்மேல் திருகி ஏற்றவும் இறக்கவும் வசதி செய்து, 'காயில்ஓவர்' என்ற பெயரில் இன்று விற்கப்படும் சஸ்பென்ஷன், அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காகவே உருவானது. அதை வாங்குவோரிற் பலர் தாழ்த்தும் காரியத்துக்காக மட்டுமே வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

தாழ்த்துவதால் வரும் லாபத்தை முதலில் கணக்கிட்டுவிடலாம். உற்சவத்தன்று மாடவீதி மூலையில் தேர் திரும்புகையில் அதன் உச்சி ஆடும் ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு, பாரத்தின் மையம் உயர உயர வாகனத்தின் ஸ்திரம் குறையும் என்பதைச் சாஸ்திர பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1,200 கிலோ எடையும், இடவலச் சக்கரங்களுக்கிடையே 150 சென்டிமீட்டர் அகலமும், தரைக்குமேல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் பார மையமும் உடைய ஒரு கார், தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு அளவான பக்க விசையோடு வளைவில் திரும்புகிறதென்று வைத்துக்கொண்டால், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு 320 கிலோ பாரம் இடம் பெயர்கிறது. அதே காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் இது ஏறக்குறைய 301 கிலோவாகக் குறையும். 19 கிலோ அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டயரின் பிடிப்பு, அதன்மேல் ஏறும் பாரத்தின் விகிதத்திலேயே கூடுவதில்லையாதலால், நான்கு டயர்களும் எவ்வளவுக்கெவ்வளவு சமமாகப் பாரத்தைச் சுமக்கின்றனவோ அவ்வளவுக்கவ்வளவு வளைவில் வேகம் கிடைக்கிறது. இந்த 19 கிலோவுக்காகப் பட்டறையில் இரவெல்லாம் கண் விழிக்கப் பந்தயக்காரர்கள் தயங்கியதில்லை.

மோட்டார் கார் ஆதியில் குதிரை வண்டியிடமிருந்து கமான் பட்டையைச் சுவீகரித்துக்கொண்டது. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி தன் கார்களுக்கு 1948 வரையில் குறுக்குக் கமான் பட்டையையே போட்டு வந்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கல் ஓரளவு தானே அடங்கும். அது போதாமற் போகவே, உராய்வுத் தட்டுகளை அடுக்கிய சாதனங்களும், பின்பு எண்ணெயைச் சிறு துவாரத்தின் வழியே தள்ளும் சாதனங்களும் வந்தன. 1922இல் இத்தாலியில் வின்சென்சோ லான்சியா வெளியிட்ட லாம்டா என்ற கார் இந்தச் சரித்திரத்தில் தனியாக நிற்கிறது. சட்டத்தின்மேல் உடலைத் தூக்கி வைக்கும் வழக்கத்தை விட்டு, உடலையே சட்டமாக்கி, பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டை நடுவே ஒரு சுரங்கம் அமைத்து அதனுள் ஓடவிட்டு, அதற்கு இருபுறமும் ஆசனங்களைத் தாழ்வாகப் பொருத்தியதோடு, முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு செங்குத்துத் தூணில் ஏற்றி, அத்தூணுக்குள்ளேயே சுருள்வில்லையும் எண்ணெய் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து அடக்கியிருந்தார் அந்த மேதாவி. காயில்ஓவருக்கு மூதாதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் லாம்டாவைத்தான் காட்டுவேன். திருகி உயரத்தை மாற்றும் வசதி ஒன்றுதான் அதில் இல்லை.

ஏழை இளைஞர்களின் உபாயம் வேறு. தெற்குக் கலிபோர்னியாவில் மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டு கார்களைக் குடைந்தும் வெட்டியும் வேகப் பரீட்சை நடத்திய வாலிபர்கள், 1937இல் தங்களுக்கென்று ஒரு சங்கத்தையும் ஸ்தாபித்துக்கொண்டார்கள். முன் அச்சை வளைத்தும், உடலைச் சட்டத்தின்மேல் இறக்கிப் பொருத்தியும் அவர்கள் காரைத் தாழ்த்தினார்கள். ஏரிப்படுகை மட்டமான தரையாதலால் சக்கரம் மேலும் கீழும் ஓட இடமில்லாமற் போனதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. அதே வித்தை ஊர்த் தெருவுக்கு வந்தபோதுதான் விபரீதம் தொடங்கிற்று. சுருள்வில்லை ரம்பத்தால் அறுத்து ஒரு சுற்றைக் குறைப்பது செலவில்லாத காரியம். ஆறு சுற்றில் ஒன்று போனால் வில்லின் விறைப்பு 20 சதவீதம் கூடும், ஷாக் அப்சார்பரோ பழைய வில்லுக்கு அளவெடுத்ததாகவே இருக்கும். விறைத்த வில்லை அடக்கத் திராணியில்லாத அந்தப் பழைய ஷாக் அப்சார்பரோடு, ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர் முட்டில் போய் இடித்துக்கொண்டு, அந்தக் கார்கள் தவளைபோல் குதித்துச் சென்றன. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியா சர்க்கார், திருத்தப்பட்ட காரின் எந்தப் பாகமும் சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கலாகாது என்று சட்டம் செய்தது. அதைச் சமாளிக்க ரான் அகிரே என்பவர் விமானங்களுக்குரிய ஹைட்ராலிக் பம்புகளைத் தம் கார்வெட் காரில் பொருத்தி, போலீஸ் வந்தால் உயர்த்தவும் போனால் தாழ்த்தவும் ஏற்பாடு செய்துகொண்டார். அந்தச் சட்டம் 2024 ஜனவரி வரையில் அமலில் இருந்தது.

யுத்தத்திற்குப் பிந்திய ஐரோப்பாவிலேதான் காரியம் பொறுப்பான கைகளுக்கு வந்து சேர்ந்தது. ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்க என்ஜினியர் வகுத்து, 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்களில் வந்த தூண், வில்லையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாக்கிச் சாதாரணக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. பிரான்ஸில் டி கார்பன் என்பவர், ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்துப் போவதே அதன் பலவீனத்துக்குக் காரணம் என்று கண்டு, இடையே மிதக்கும் ஒரு பிஸ்டனை வைத்து, அழுத்தமேற்றிய வாயுவைப் பிரித்து அடைத்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி அதை எடுத்து 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் முதலிய கார்களில், எடையைக் குறைத்து, வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சிறு உருளைகளைப் பொருத்தினார். தாழ்ந்த கார் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, மிருதுவான வில்லும் கண்டிப்பான ஷாக் அப்சார்பரும் போதும் என்று காட்டியவர் அவர்.

சாப்மன் காட்டியதைப் பந்தயக்காரர்களே ஒரு சமயம் மறந்தார்கள். காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே காற்றை இழுத்து அமுக்கு விசை பெறும் வித்தை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பரவிய பிறகு, கார் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு வேகம் என்றாயிற்று. 1981இல் தரைக்கும் காருக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டுமென்று விதி வந்தது. ஆனால் ஓடும் காரை அளப்பது யார்? நிற்கும் காரைத்தானே அளக்க முடியும்? பிரபாம் அணியின் கார்டன் மர்ரே, வேகத்தில் காற்றின் அமுக்கத்தாலேயே கார் தாழ்ந்து, பின்பு மெதுவாக ஓடி வருகையில் நிதானமாக எழுந்து, அளக்கும் இடத்தில் 6 சென்டிமீட்டரைச் சரியாகக் காட்டும்படி சஸ்பென்ஷனை அமைத்தார். நெல்சன் பிக்கே அவ்வருஷம் அர்ஜென்டீனாவில் அந்தக் காரில் ஜெயித்தார். மற்ற அணிகளும் பின்பற்றின; முடிவில் வில்லுக்கு வேலையே இல்லாத அளவு விறைப்பான கார்களில் ஓட்டிகள் முதுகெலும்பு நொறுங்கப் பிரயாணம் செய்தார்கள். 1983இல் காரின் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டுமென்று விதித்த பிறகே அந்தக் கூத்து ஓய்ந்தது.

தெருக் கார்களுக்கு வந்தால், இவ்விஷயத்தில் ஜெர்மானியரின் கண்டிப்பைப் பாராட்டத்தான் வேண்டும். 1866இல் மன்ஹைம் நகரில் நீராவிக் கொதிகலன்களைச் சோதிப்பதற்காகத் தோன்றிய சங்கத்தின் வழிவந்த ட்யூஃப் போன்ற நிறுவனங்கள், காரில் மாற்றிய வில்லையும் சோதித்து ஒப்புக்கொண்டாலொழிய அங்கே காரைச் சாலையில் ஓட்ட இயலாது. ஆகவே ஐபாக், எச் அண்ட் ஆர், கேடபிள்யூ முதலிய கம்பெனிகள் எத்தனை மில்லிமீட்டர் வரை இறக்கலாம் என்று வரம்பு குறித்தே சரக்கை விற்கின்றன. ஜப்பானில் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் என்பது எல்லை. 1995இல் அங்கே விதிகளைத் தளர்த்தியதும் உயரம் மாற்றும் சஸ்பென்ஷன் வியாபாரம் கொழித்தது.

இத்தனைக்கும் பிறகு வாங்குகிறவர் செய்யும் பிழை பழைய ரம்பக்காரனின் பிழைதான். மக்ஃபர்சன் தூண் உள்ள காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கைகள் சக்கரத்தை நோக்கி மேல்முகமாகச் சாய்ந்து, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, பார மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சரிய முற்படும் விநோதத்தை அப்போது காணலாம். சக்கரம் மேலெழ உள்ள இடமாகிய உள்ளோட்டம் 8 சென்டிமீட்டர் இருந்ததை 4 ஆக்கினால், அதே மேட்டின் அதிர்ச்சியைத் தாங்க, கணக்குப்படி நான்கு மடங்கு விறைப்பான வில் வேண்டும். அத்தகைய வில்லை யாரும் மாட்டுவதில்லை, மீதி வேலையை ரப்பர் முட்டு செய்கிறது. காயில்ஓவரின் கீழ்முனையையும் தனியாகத் திருகி, வில்லையும் உள்ளோட்டத்தையும் தொடாமல் உயரத்தை மட்டும் மாற்றும் அமைப்பு இந்தச் சங்கடத்தைப் பெருமளவு குறைக்கும். விலை கொஞ்சம் கூடுதல். ஷாக் அப்சார்பரின் கண்டிப்பை மாற்ற நாற்பது படி திருகும் குமிழ் உள்ள மலிவுச் சரக்கைக் காட்டிலும், குமிழே இல்லாத நல்ல ஷாக் அப்சார்பர் மேல் என்பதே என் தீர்மானம். நான்கு மூலைகளையும் தராசில் நிறுத்தி உயரத்தை நிர்ணயிக்கும் பட்டறை கிடைத்தால் அங்கே செய்யுங்கள். ஒரு மூலையை உயர்த்தினால் அதன் எதிர்மூலையிலும் பாரம் கூடும் என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு இறங்கும் என்று விற்பவரைக் கேட்பதற்கு முன், இறங்கிய நிலையில் உள்ளோட்டம் எவ்வளவு மீதியிருக்கும் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.