கழுத்தில் தொங்கும் சாட்சி

காலையில் கொழும்பு, கொம்பனித்தெரு ரயில் நிலையத்தில் இறங்கி யூனியன் பிளேஸ் பக்கம் விரையும் கூட்டத்தில் பலரின் கழுத்தில் நாடா, அதன் நுனியில் அட்டை. அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அப்படியோர் அட்டை சாட்சியான கதை தொடங்கியதோ வேறெங்கோ.

‘யாரோடு அதிகம் பேசுகிறீர்கள்?’ என்று கேட்டு, வந்த பதிலை நம்பியே ஒருகாலத்தில் மனித உறவுகளைப் படம் வரைந்தார்கள் ஆய்வாளர்கள். 1970களில் ரசல் பெர்னார்ட், பீட்டர் கில்வர்த் இருவருக்கும் சந்தேகம் தட்டியது. அமெச்சூர் வானொலிக்காரரின் பேச்சைக் கண்காணித்தார்கள். ஓர் அலுவலகத்தில் கால்மணிக்கு ஒருதடவை ஆளை உலாவவிட்டுக் குறிப்பெடுத்தார்கள். பிறகு அதே கேள்வியைக் கேட்டார்கள். சொன்னதும் நடந்ததும் பாதிக்குப் பாதி ஒட்டவில்லை! பாவம், யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மறதியில்லாத சாட்சி ஒன்று தேவைப்பட்டது.

அது வேறு வேலைக்காகப் பிறந்தது. 1989இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் ரோய் வான்ட் குழுவினர், ஆள் இருக்கும் அறைக்கே தொலைபேசி அழைப்பை அனுப்புவதற்காகச் சட்டையில் குத்தும் வில்லையொன்றைச் செய்தார்கள். டிவி ரிமோட்டில் உள்ள அதே செங்கீழ்க் கதிரை அது 15 விநாடிக்கு ஒருதடவை சிமிட்டும். ஒரே தொல்லை, அந்தக் கதிர் உடம்பைத் தாண்டாது.

அந்தத் தொல்லைதான் எம்.ஐ.டி.யில் ஆய்வாளர் தன்சீம் சௌத்ரிக்கு அதிர்ஷ்டமானது. உடம்பைத் தாண்டாத கதிர் ஒருவரிலிருந்து இன்னொருவரை எட்டுகிறதென்றால், இருவரும் முகம் பார்த்து நிற்கிறார்கள் என்றல்லவா அர்த்தம்! 2003 அளவில் அவரும் அலெக்ஸ் பென்ட்லண்டும் உருவாக்கிய ‘சோசியோமீட்டர்’, கதிரோடு ஒலிவாங்கியையும் அசைவுமானியையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைத் தோளில் மாட்ட வேண்டும். தோளில் பெட்டியோடு எந்த வங்கி ஊழியர் வேலை பார்ப்பார்?

விடை ஏற்கெனவே கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது: அலுவலக அடையாள அட்டை. அந்த உருவத்துக்குள் உணரிகள் ஒடுங்கின. 2007இல் ஜெர்மன் வங்கியொன்றில் 22 பேர் அதை 20 வேலைநாட்கள் அணிந்தார்கள். பின்னர் அமெரிக்க வங்கியொன்றின் கோல் சென்டரில் அது காட்டிக்கொடுத்ததோ இடைவேளை அரட்டையை. ஒருவர்பின் ஒருவராக விடப்பட்ட இடைவேளையைக் குழுவாக எடுக்க வைத்ததும், ஓர் அழைப்பை முடிக்கும் நேரம் 8 வீதம் குறைந்தது. ஒரு பிளேன்டீ நேரத்துக்கு இவ்வளவு பெறுமதி!

கொம்பனித்தெருவில் தொங்குவது வெறும் அட்டைதான். மதியம் சாப்பாட்டுக் கடையில் குழம்பு தெறிக்காமலிருக்க, அதைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுத்தான் கதையே ஆரம்பமாகும். உணரி வைத்த அட்டையென்றால், சரியாக அந்த நேரம் பார்த்து அதன் கண் மூடிக்கொண்டிருக்கும்.